கையெழுத்துப் போட்டவன் நான்தான்



அக்காவின் தோள் ஆபரேஷன் பற்றிப் பலரும் போனில் விசாரிக்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

ஒன்பது வருடங்களுக்கு முன் அக்கா கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் வலது தோள் எலும்பு நொறுங்கி, செயற்கை மூட்டு வைத்தார்கள். பல வருடம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு தோளைச் சுற்றியுள்ள தசைநார்கள் தேய்ந்து, கையைத் தூக்க முடியாமல் போனது. இரவில் வலியால் தூக்கம் இல்லை. பழைய மூட்டை எடுத்துவிட்டு 'ரிவர்ஸ்' வகை மூட்டு வைக்கலாம் என்றார் டாக்டர். 1985இல் பிரான்சில் பால் கிராமோன் என்ற மருத்துவர் உருவாக்கிய முறை அது. பந்தைத் தோள்பட்டைப் பக்கமும், கிண்ணத்தைக் கைப் பக்கமும் மாற்றி வைப்பார்கள். அதனால் தேய்ந்த தசைநாருக்குப் பதில் தோளின் பெரிய தசையே கையைத் தூக்கும்.

ஆபரேஷன் நடக்கும்போதே அக்காவின் கை எலும்பு உடைந்துவிட்டது. கம்பி சுற்றி, நீளமான தண்டு வைத்து முடித்தார்கள். அக்கா மகன் கொதித்துப் போய் டாக்டரிடம் சண்டைக்கே போய்விட்டான். அவர் அமைதியாகச் சொன்னார்: "சார், ஃபாரத்துலயே போட்டிருக்கோம். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

வாங்கிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இருந்தது, எலும்பு முறியலாம் என்று. கீழே என் கையெழுத்து. அதற்கும் கீழே அக்காவுடையது. "தம்பி பார்த்துட்டான்ல, போதும்" என்று சொல்லிப் போட்டது.

ரேங்க் கார்டில் அப்பா படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பினால், உங்களில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்! அதே நான் படிக்காமல் போட்டேன்.

எலும்பு உடைந்தது டாக்டரின் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். பழைய சுவரில் இறுகிப்போன ஆணியைப் பிடுங்கினால் காரையும் சேர்ந்து பெயர்ந்து வருகிறது அல்லவா? அதே கதைதான். மூட்டின் தண்டு எலும்புக்குள் சிமெண்ட் வைத்தோ, எலும்பே அதன்மேல் வளர்ந்தோ இறுகியிருக்கும். வருடக்கணக்கில் அதைச் சுற்றிய எலும்பு மெலிந்தும் போகும். அதனால் முதல் ஆபரேஷனைவிட மறு ஆபரேஷனில் முறிவு ஆபத்து அதிகம். வயதானவர்களுக்கும், பெண்களுக்கும், முடக்குவாதம் உள்ளவர்களுக்கும் இன்னும் அதிகம். கைதேர்ந்தவர் செய்தாலும் நடக்கலாம். சில சமயம் தாறுமாறாக உடைவதைத் தவிர்க்க, டாக்டரே எலும்பை நேராகப் பிளந்து தண்டை எடுத்துவிட்டுக் கம்பியால் கட்டுவதும் உண்டு.

என் ஆதங்கம் வேறு. இதை முன்கூட்டியே யாரும் தமிழில் ஐந்து நிமிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தெரிந்திருந்தால் ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லியிருப்போமா? இல்லை, அந்த வலிக்கு வேறு வழி இல்லை. ஆனால் தயாராக இருந்திருப்போம். எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்திருப்போம். வலியில்லாத, சில நிமிடப் பரிசோதனை. டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை, அதாவது எலும்பு உள்ளுக்குள் வலுவிழந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மருந்து உண்டு, ஆனால் பலன் தெரிய மாதங்கள் ஆகும். வயதானவர் நின்ற நிலையிலிருந்து விழுந்து எலும்பு முறிந்தாலே அது எலும்புப்புரையின் எச்சரிக்கை. கிணற்றடியில் அக்கா விழுந்த அன்றே எங்களுக்கு அந்த எச்சரிக்கை கிடைத்தது. ஒன்பது வருடம் யாரும் கவனிக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒருவருக்கு இரண்டாம் முறை மூட்டு மாற்றச் சொன்னால் இவற்றைக் கேளுங்கள்:

1. எலும்பின் வலுவைப் பார்த்தாயிற்றா?
2. பழைய தண்டைக் கட்டாயம் எடுக்க வேண்டுமா, அதை விட்டுவிட்டே செய்ய வழி உண்டா?
3. எடுக்கும்போது எலும்பு உடைந்தால் என்ன செய்வீர்கள்? நீளத் தண்டும் கம்பியும் தயாராக இருக்குமா?
4. மறு ஆபரேஷன்கள் நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்?
5. உடைந்தால் கை தேற எத்தனை மாதம் கூடுதலாக ஆகும்?

இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

டாக்டராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபாரத்தில் அச்சடித்திருப்பது சட்டத்துக்குப் போதலாம். எதிரில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்குப் போதாது. அவளுக்குப் புரியும் தமிழில் சொல்லிவிட்டுப் பேனாவைக் கொடுங்கள்.

அக்கா இப்போது பரவாயில்லை. போன வாரம் தன் கையாலேயே சோறு பிசைந்து சாப்பிட்டது. தலை வாரத்தான் இன்னும் ஆள் வேண்டும். ஃபாரத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.