பிண்ணாக்கும் தவிடும் கோழித்தீனியும்

திண்டிவனம் என்ற மாத்திரத்தில் நிலக்கடலை நினைவிற்கு வருதல் இயல்பு. அவ்வூர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திற் பிறந்த கடலை வகைகள் டி.எம்.வி. என்று ஊரின் பெயரையே தாங்கிப் பல நாடுநகரங்களில் விளைந்தன. அத்தகைய சீமையிலே, இறைச்சிக்கோழிக்குக் கடலைப் பிண்ணாக்கு ஆகாது, வெளி மாநிலத்துச் சோயாப் பிண்ணாக்கே வேண்டும் என்று பேசக் கேட்கின்றோம். இதனை முற்றும் ஏற்க எமக்கு மனமில்லை.

அச்சத்திற்குக் காரணம் உண்டு. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓரிலட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. தீனியிலிருந்த பிரேசில் தேசத்துக் கடலைப் பிண்ணாக்கிற் படர்ந்த பூஞ்சையின் நஞ்சே காரணமெனப் பின்னர் விளங்கிற்று. அதற்கு அப்ளாடாக்சின் என்று பெயரிட்டனர். அது ஈரலைக் கெடுக்கும். சூட்டினாலும் எளிதில் அழியாது. ஆயினும் குற்றம் கடலையினதன்று, ஈரத்தினதே. நன்கு உலராத காயைக் கோணியில் அடைத்தால் பூஞ்சை பிடியாதிருக்குமோ? கடலைப் புரதத்தில் லைசின், மெத்தியோனின் என்பன குறைவு என்பதும் மெய்யே. அவற்றைத் தனியே சேர்த்து ஈடுசெய்யலாம்.

விழுப்புரத்து நெல் ஆலைகளின் தவிடும் இத்தகையதே. எண்ணெய் நிறைந்த பச்சைத் தவிடு அரைத்த சில நாளிலேயே சிக்குவாடை கொள்ளும். உடனே சூடேற்றிப் பதப்படுத்தினாலன்றி, எண்ணெய் நீக்கிய தவிடே வைத்திருக்கத் தக்கது. அதிற் குறையும் சக்தியை நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு எண்ணெய் சேர்த்து நிரப்பலாம். மாவுப்பொருளினும் எண்ணெய் இருமடங்கிற்கு மேல் சக்தி தருவது. செரிக்கையில் உடற்சூட்டையும் குறைவாகவே எழுப்புவது. நம் சித்திரை வெயிலில் இஃது அற்ப நன்மையன்று. ஆனால் பலகாரக் கடையிற் பலமுறை காய்ந்து கறுத்த எண்ணெயை மலிவென்று கலப்பது கொடுமை.

நிற்க. இக்காலத்தில் பண்ணையாளர் பலர் ஒப்பந்த முறையில் வளர்ப்பவர். குஞ்சும் தீனியும் நிறுவனத்தார் அனுப்புவர். தின்ற தீனிக்கு ஏறிய எடையைக் கணக்கிட்டே கூலி அமையும். தீனி கெட்டிருப்பின் குறைவது உழவனின் கூலியன்றோ? மூட்டையின் உள்ளே யாதுளது என்று அவன் அறியான். ஆதலின் பிண்ணாக்கும் தவிடும் ஆலைக்கு வருந்தோறும் ஈரமும் நஞ்சும் சோதிக்கப்படல் வேண்டும்; அச்சோதனைச் சீட்டின் படியொன்று தீனியோடு உழவன் கைக்கும் வருதல் வேண்டும். படித்துச் சொல்ல அவன் வீட்டிலேயே கல்லூரிப் பிள்ளைகள் இருக்கின்றனர்.