மரத்தூளும் நம் கடமையும்

ஒரு தொழிலின் நலத்தைப் பற்றிப் பேசுவோர், அத்தொழிலின் முன்னணியில் நிற்பவரை மட்டும் எண்ணிப் பேசுதல் வழக்கமாகிவிட்டது. பட்டுப் புடைவை என்றால் நெசவாளரையும், நெல் என்றால் உழவரையும் நினைக்கிறோம். இவ்விருவருக்கும் கருவி செய்து கொடுக்கும் தச்சரை நினைப்பவர் சிலரே. குழித்தறியின் கால்கள், படைமரம், மிதிகள், ஜக்கார்டைத் தாங்கும் சட்டங்கள் ஆகிய யாவும் தச்சரின் கைப்பட்டு வருபவை. உழவருடைய ஏரும் பரம்புப் பலகையும் மண்வெட்டிக் காம்பும் அவ்வாறே. ஆகவே தச்சுப் பட்டறையின் நலம் நம் சங்கத்துக்குப் புறம்பான விஷயம் அன்று. அப்பட்டறையில் நாள்தோறும் பறக்கும் மரத்தூளைப் பற்றி அங்கத்தினர்கள் சிறிது சிந்திக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டறைகளில் "பேண்ட்சா" என்று வழங்கும் பட்டை ரம்பத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு சக்கரங்கள். அவற்றைச் சுற்றி ஓடும் பற்கள் கொண்ட எஃகுப் பட்டை. நடுவே மரத்தை வைத்துத் தள்ளும் மேசை. இவ்வியந்திரம் உறுதியானது. நன்றாகப் பேணினால் இரண்டு தலைமுறைக்கும் உழைக்கும். அதனால்தான் பழைய பட்டை ரம்பங்கள் இன்றும் பல ஊர்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அவை செய்யப்பட்ட காலத்தில், மரத்தை அறுப்பதைப் பற்றி எண்ணிய அளவுக்குத் தூளை வாங்குவதைப் பற்றி எண்ணவில்லை. அடியில் ஒரு துளை இருந்தால் அதுவே பெரிது. பலவற்றில் அதுவும் இல்லை. கதவு கழன்று, கீழ்ச்சக்கரம் திறந்த வெளியில் சுழல்வதும் உண்டு.

தூளால் வரும் தீங்கைச் சிறிதென்று எண்ணுவது தவறு. கண்ணுக்குத் தெரிந்து தரையில் குவியும் பருந்தூள் அவ்வளவு கொடியதன்று. மூக்கும் தொண்டையும் அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். தலைமயிரின் பருமனில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைந்த நுண்தூளே நுரையீரலின் உட்பகுதி வரை செல்லக்கூடியது. அது மணிக்கணக்கில் காற்றில் மிதந்துகொண்டிருக்கும். இருமல், இளைப்பு, மூக்கடைப்பு ஆகியவை அதனால் வருகின்றன. தேக்கின் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும்.

இதனினும் பெரிய உண்மையொன்றை உலகம் கற்றுக்கொண்டது, இங்கிலாந்தில் ஹை விக்கம் என்னும் ஊரிலிருந்து. ஆரணி பட்டுக்குப் பெயர் பெற்றதுபோல அவ்வூர் நாற்காலிகளுக்குப் பெயர் பெற்றது. 1960-களில் அப்பகுதி மருத்துவர்கள், மூக்கின் உட்புறத்தில் வரும் மிக அரிய புற்றுநோய் வகை ஒன்று மரச்சாமான் தொழிலாளரிடையே அளவுக்கு மிஞ்சிக் காணப்படுவதைக் கண்டனர். எஸ்மி ஹாட்ஃபீல்டு என்ற அம்மையாரும் அச்சிசன் என்பவரும் பிறரும் செய்த ஆராய்ச்சி 1968-இல் வெளியாயிற்று. அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் அரசாங்கம் அதைத் தொழிலால் வரும் நோயென ஏற்றுக்கொண்டது. 1995-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற் பிரிவில் மரத்தூளைச் சேர்த்தது. இந்நோய் அரிதே, எனினும் மரத்தூளைச் சுவாசித்துப் பல்லாண்டு சென்ற பிறகே அது தலைகாட்டுகிறது என்பதை மறத்தலாகாது. "எங்கள் பாட்டனார் எண்பது வயது வரை மரம் அறுத்தார்" என்று கூறி ஆறுதல் கொள்வோர், அப்பாட்டனார் கைரம்பத்தால் அறுத்தவர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். இயந்திரம் எழுப்பும் நுண்தூள், கைரம்பம் எழுப்புவதைவிட மிகுதியாகும்.

நெசவாளருக்கு இதில் நேரான நட்டமும் உண்டு. தெருவில் பாவு விரித்துக் கஞ்சியிட்டுக் காயவைக்கும் நம் வழக்கத்தில், அண்டையிலுள்ள பட்டறையின் திறந்த சன்னலிலிருந்து வரும் தூள் ஈரப் பாவின்மேல் படிந்தால், அதை மீண்டும் தட்டி எடுப்பது எத்தகைய தொல்லை என்பதை அனுபவித்தவர் அறிவர். தச்சருடைய மூச்சும் நம்முடைய பாவும் ஒரே காற்றில்தான் இருக்கின்றன.

இனிப் பரிகாரத்தைப் பார்ப்போம். தூள் எங்கே பிறக்கிறதோ அங்கேயே அதைப் பிடிக்க வேண்டும் என்பதே இதற்கு அடிப்படை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவும் இதனையே கூறியது: தூளை இழுக்கும் கருவியைத் தூள் எழும் இடத்துக்குக் கூடிய மட்டும் அருகில் அமைத்து, அவ்விடத்தை இயன்ற அளவு மூடிவிட வேண்டும் என்பது அதன் கருத்து. ஆனால் மின்விசை கொண்டு பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறு பட்டறைகளை அச்சட்டம் பெரும்பாலும் தொடவில்லை. சட்டம் எட்டாத இடத்தில் சங்கம் எட்டுவதே கூட்டுறவின் பயன்.

அருகில் என்று வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. எரியும் விளக்கை ஒரு முழத்துக்கு அப்பாலிருந்து ஊதி அணைக்கலாம். அதே தூரத்திலிருந்து உறிஞ்சி அணைக்க எவராலும் இயலாது. உறிஞ்சும் குழாயின் வாயிலிருந்து அதன் விட்டத்தின் அளவு விலகினாலே, காற்றின் வேகம் ஏறக்குறையப் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. மேசைக்கு ஓரடி தள்ளிக் குழாயைத் தொங்கவிட்டுத் தூள் வருமென்று காத்திருப்பது வீண் செலவே.

பட்டை ரம்பத்தில் பற்கள் கீழ்நோக்கி ஓடுவதால், பெரும்பாலான தூள் மேசையின் பிளவு வழியாகப் பட்டையோடு கீழே இறங்குகிறது. அங்கே அதைப் பிடிக்காவிட்டால் கீழ்ச்சக்கரம் விசிறிபோல் அதை அடித்து எல்லா இடுக்குகளிலிருந்தும் வெளியேற்றும். ஆகவே முதல் வேலை, மேசைக்கு நேர் அடியில் பட்டை வெளிப்படும் இடத்தைச் சூழ்ந்து ஒரு தகரப் பெட்டி அமைத்து அதிற் குழாயைப் பொருத்துவது. இரண்டாவது, கீழ்ச்சக்கரப் பெட்டியின் அடி மூலையில், சக்கரம் தூளைத் தள்ளும் பக்கமாக, மற்றொரு குழாய் வைப்பது. மூன்றாவது, கதவுகளைச் சீர்செய்து தேவையற்ற இடுக்குகளை அடைப்பது. ஆனால் எல்லாவற்றையும் இறுக அடைத்துவிடலாகாது. உள்ளே காற்று வர வழியில்லையெனில் வெளியே இழுக்கவும் காற்று இராது. அவ்வழி பட்டை இறங்கும் பிளவாகவே இருக்குமாறு செய்வது நலம். நான்காவது, கீழ்ச்சக்கரத்தின்மேல் உராயும்படி ஒரு தூரிகையைப் பொருத்துவது. சக்கரத்தின் ரப்பரில் ஒட்டும் தூள் இறுகினால் பட்டை தன் தடத்தைவிட்டு விலகும், அறுப்பு கோணும், பட்டையும் விரைவில் அறும். தூளை அகற்றுவதால் இயந்திரத்துக்கும் ஆயுள் நீளும் என்பதைச் செலவுக்கு அஞ்சும் உடைமையாளர்கள் கவனிக்க வேண்டும்.

குழாயின் பருமனிலே பலர் சிக்கனம் பார்த்து ஏமாறுகின்றனர். விட்டம் பாதியானால் காற்றுச் செல்லும் வாய் காற்பங்காகிவிடும். நான்கு அங்குலக் குழாய்க்குப் பதில் இரண்டரை அங்குலக் குழாய் போட்டால், வாய் ஐந்தில் இரண்டு பங்குக்கும் குறைவே. வீடு பெருக்கும் மின்கருவியை இதற்குக் கட்டுவதும் அத்தகையதே. அது வலிய இழுக்கும். ஆனால் குறைந்த காற்றையே இழுக்கும். இங்கு வேண்டுவது மிகுந்த காற்று. குழாய் உட்புறம் வழவழப்பாகவும், நீளம் குறைந்தும், திருப்பங்கள் சிலவாகவும் இருக்க வேண்டும். மடிப்பு மடிப்பான வளைகுழாயை இணைப்புக்குத் தேவையான அளவு மட்டும் கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் கேட்டு, பெரிய நகரத்திலிருந்து நிபுணர் வரவேண்டுமோ என்று அங்கத்தினர்கள் மலைக்க வேண்டியதில்லை. ஆரணி பட்டுக்கு மட்டுமன்றி அரிசிக்கும் பெயர் பெற்ற ஊர். நெல்லிலிருந்து உமியையும் அரிசியிலிருந்து தவிட்டையும் காற்றினால் பிரித்து, குழாய் வழியே கொண்டுசென்று, கூம்பு வடிவச் "சைக்ளோனில்" சுழலவிட்டு இறக்கும் வித்தையை நம் அரிசி ஆலைகளின் பிட்டர்கள் நாள்தோறும் கையாளுகின்றனர். மரத்தூளை இறக்குவதற்கும் அதே வித்தைதான். வேறுபாடு ஒன்றே: சைக்ளோன் பருந்தூளைப் பிடிக்கும், நுண்தூள் அதைக் கடந்து செல்லும். அதைத் தடுக்க, நெருங்கிய நெசவுள்ள வடிகட்டிப் பைகள் வேண்டும். பையின் துணி தளர்ந்திருந்தால், தரையிலிருந்த தூளை வாரி மூச்சுமட்டத்துக்கு எறிந்த கதையாகும். பையில்லாமல் வெளியே விடுவதாயின், பாவு விரிக்கும் தெருவும் அண்டை வீடுகளும் அத்திசையில் இருத்தல் கூடாது.

அமைத்தது பயன்படுகிறதா என்று அறிய இரண்டு எளிய சோதனைகள் உண்டு. பட்டறையைச் சுத்தம் செய்து, ரம்பத்தை நிறுத்திவிட்டு, காற்று விசிறியை மட்டும் ஓடவிட்டு, மேசைப் பிளவின் அருகே ஊதுபத்தியின் புகையைக் காட்டினால் அது உள்ளே இழுபட வேண்டும். இருட்டிய பிறகு ரம்பத்தை ஓட்டி, எதிர்ப்புறமிருந்து ஒளிவிளக்கின் கற்றையைப் பாய்ச்சிப் பார்த்தால், பகலில் தெரியாத நுண்தூள் பளிச்சென்று தெரியும். அது எந்த இடுக்கிலிருந்து வருகிறதோ அந்த இடுக்கே அடுத்த வேலை.

சில எச்சரிக்கைகளும் அவசியம். பட்டை முற்றும் நின்று, மின்தொடர்பும் துண்டிக்கப்பட்ட பின்னரே எந்தக் கதவையும் திறக்க வேண்டும். உலர்ந்த நுண்தூள் காற்றில் கலந்து நின்றால் ஒரு பொறியே வெடிக்கப் போதும். ஆதலால் உலோகக் குழாய்களுக்கு எர்த் இணைப்புக் கொடுப்பதும், ரம்பத்தைச் சாணை பிடிக்கும் பொறிகளை இக்குழாயில் விடாதிருப்பதும் இன்றியமையாதவை. தூளை அழுத்தக் காற்றால் ஊதித் தள்ளும் வழக்கத்தை அடியோடு விடவேண்டும். துண்டை மூக்கிற் கட்டிக்கொள்வது நுண்தூளைத் தடுக்காது. நல்ல முகமூடியும் இவ்வேற்பாடுகளுக்குத் துணையே அன்றி இவற்றுக்கு ஈடன்று.

இவ்வாறு சேரும் தூள் வீணன்று. மரத்தூள் அடுப்புக்கும், மாட்டுக் கொட்டிலிலும் கோழிப் பண்ணையிலும் விரிப்பதற்கும் அது உதவும். உழவர்கள் அதைப் பச்சையாக வயலில் இடலாகாது. மண்ணிலுள்ள தழைச்சத்தை அது சிலகாலம் பிடித்துக்கொள்ளும். சாணத்தோடு குழியிலிட்டு மக்கவைத்துப் பிறகு இடவேண்டும். பிளைவுட்டின் தூளையும் மருந்தேற்றிய மரத்தின் தூளையும் இவற்றோடு கலக்காமல் தனியே ஒதுக்க வேண்டும்.

"பட்டறை தச்சருடையது, செலவை அவரே செய்துகொள்ளட்டும்" என்பார் உளர். தனித்தனி நெசவாளரால் இயலாதிருந்த விற்பனையை, 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் அன்றோ கூட்டாக ஏற்றுக்கொண்டது? ஒருவருக்குப் பாரமாவது பலருக்குப் பகிர்வாகும் என்பதில்தான் கூட்டுறவு நிற்கிறது. மேலும், தச்சர் இருமிப் படுத்தால் உடைந்த மிதியோடு தறி நிற்கும். நெசவாளருக்குக் கூலியும் நிற்கும். கைதேர்ந்த தறித் தச்சர் ஒருவரை இழந்தால் இன்னொருவரை உருவாக்கப் பல்லாண்டு ஆகும்.

ஆதலால் நிர்வாகிகளின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம். முதலாவதாக, நம் அங்கத்தினருக்கு வேலை செய்யும் பட்டறைகளில் எத்தனை பழைய பட்டை ரம்பங்கள் உள்ளன, அவற்றின் நிலை யாது என்று நேரிற் சென்று கணக்கெடுக்க வேண்டும். இரண்டாவதாக, அரிசி ஆலைப் பிட்டர் ஒருவரையும் தகர வேலைக்காரர் ஒருவரையும் தச்சரோடு சேர்த்து, ஒரே ஓர் இயந்திரத்தில் இவ்வமைப்பைச் செய்து காட்டி, மற்றப் பட்டறைக்காரர்கள் பார்க்க வழிசெய்ய வேண்டும். ஒன்று சரிவர ஓடினால் பத்துக்கு உபதேசம் வேண்டாம். மூன்றாவதாக, விரும்பும் தச்சர்களை இணை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டு, சிறு தவணைகளில் அடைக்கத்தக்க கடன் அளிக்க வேண்டும். அக்கடனைத் தறிச்சாமான் வேலைக்கு நாம் கொடுக்கும் தொகையிற் கழித்துக்கொள்ளலாம்.

புதிய இயந்திரம் வாங்கினால் எல்லாம் சரியாகும் என்று காத்திருப்பதில் பயனில்லை. பழைய ரம்பத்தில் ஒரு தகரப் பெட்டியும், தக்க குழாயும், நம்மூர் ஆலைக்காரரின் கைத்திறனும் சேர்ந்தால் போதும். அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு அங்கத்தினர்கள் எழுத்து மூலம் கேட்பார்களாக.