நிக்காஹ் ஆகிவிட்டது, விசா வரவில்லை

அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுத்த வீடுகளில் நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "ஹஜ்ரத், பி.ஆர். வர்றதுக்குள்ள புள்ள ஒரு தடவை சுற்றுலா விசாவுல போயி அவரைப் பார்த்துட்டு வரலாமா?"

மார்க்கத்தில் இதற்குத் தடை ஏதும் இல்லை. தடையாக நிற்பது அந்த நாட்டின் சட்டம். அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு, சுற்றுலா விசா கேட்பவர் எவரையும் 'தங்கிவிட வருபவர்' என்றே முதலில் கருதுகிறது. அப்படியல்ல என்று நிரூபிப்பது கேட்பவரின் பொறுப்பு. கணவர் ஏற்கெனவே மனைவிக்காக மனு போட்டிருந்தால் அந்த மனுவே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. விசா கிடைக்கவே கிடைக்காது என்று சொல்ல முடியாது, ஆனால் கடினம்.

கனடா சற்று இளக்கம். அங்கே சட்டத்தின் 22(2) பிரிவு, குடியேறும் எண்ணம் இருப்பதாலேயே தற்காலிக விசாவை மறுக்கக் கூடாது என்கிறது. தவணை முடிந்தால் திரும்பிவிடுவார் என்று அதிகாரி நம்பினால் போதும். வாழ்க்கைத் துணையின் வருகை விசாவை 30 நாட்களுக்குள் முடிப்பதே இலக்கு என்று 2023 மே மாதம் அந்நாட்டு அரசு அறிவித்தது.

இதற்கிடையில், 'கல்யாணம் ஆகவில்லை என்று எழுதிவிடுங்கள்' என்று யோசனை சொல்லும் ஏஜெண்டுகளும் இருக்கிறார்கள். நிக்காஹைப் பகிரங்கமாக அறிவிக்கச் சொல்லும் மார்க்கத்தில் இருந்துகொண்டு இதை எப்படி ஏற்பது? சட்டப்படியும் இது தற்கொலை. பொய்த் தகவல் தந்தால் கனடாவில் ஐந்தாண்டுத் தடை. அமெரிக்காவில் ஆயுள் முழுக்க. விலக்கு கேட்டுப் பெற்றால்தான் உண்டு.

உள்ளே இருப்பவர்களின் சங்கடம் வேறு. அமெரிக்காவில் இருந்துகொண்டே கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்தவர், முன்கூட்டிய பயண அனுமதி வாங்காமல் ஊருக்குக் கிளம்பினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கொள்வார்கள். எச்1பி, எல்1 போன்ற சில விசாக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. விசா காலம் தாண்டி ஓராண்டு தங்கியிருந்தவர் வெளியே போனால் பத்தாண்டுகளுக்கு உள்ளே வர முடியாது. இது 1996இல் வந்த சட்டம்.

சட்டப்படி நடந்தவர்களும் மாட்டிக்கொண்டதுண்டு. சாண்ட்ரா முனோஸ் என்ற அமெரிக்க வழக்கறிஞரின் கணவர், குடியேற்ற விசா நேர்காணலுக்காக 2015இல் தம் தாய்நாடான எல் சல்வடோருக்குப் போனார். விசா மறுக்கப்பட்டு அங்கேயே நின்றுவிட்டார். கணவனை உள்ளே அனுமதிக்கக் கேட்பது குடிமகளின் அடிப்படை உரிமை அல்ல என்று 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கணவன் படையில் இருக்க, தனிமையில் வாடிய பெண்ணின் குரலைக் கேட்ட கலீஃபா உமர் (ரலி), மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஆலோசித்து, குறிப்பிட்ட மாதங்களுக்கு மேல் எவரையும் களத்தில் நிறுத்தக் கூடாது என்று ஆணையிட்டதாக வரலாறு சொல்கிறது. நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உண்டு. இன்றோ காத்திருப்பு ஆண்டுக் கணக்கு.

யமன், சோமாலியா, சூடான், ஈரான் மக்களுக்கு அந்தக் காத்திருப்பும் இல்லை. 2025 ஜூனில் 12 நாடுகளுக்கு அமெரிக்கா விதித்த முழுத் தடையில், குடிமக்களின் கணவன் மனைவிக்கு விலக்கு இருந்தது. 2026 ஜனவரி முதல் நாடுகளின் பட்டியல் நீண்டது. அந்த விலக்கும் போய்விட்டது.

சென்ற ஆண்டு அமெரிக்காவிலிருந்து ஒரு தம்பி அழைத்தார். ஊரில் வாப்பா மவுத். பயண அனுமதி கையில் இல்லை. அவசரம் என்றால் குடிவரவு அலுவலகத்தில் நேரில் கேட்கலாம் என்பது அவருக்குத் தெரியாது, அன்று நமக்கும் தெரியாது. ஜனாஸாவை அலைபேசியில் பார்த்துவிட்டு அவர் கேட்டது, தூரத்தில் இருந்தே தொழலாமா என்று. ஷாஃபிஈ மத்ஹபில் காயிப் ஜனாஸா கூடும் என்று சொன்னோம். மனைவியோடு நின்று அவர் தொழுதார்.