அப்ரூவல் இருக்குண்ணே!

போன ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரத் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். நம்ம வேதாரண்யம் பக்கம்தான். காக்கநாட்டுக்கு ஆணி பிடுங்க வந்து மூன்று வருஷம் ஆகிறது. கையில் வழவழவென்று ஒரு பிரவுச்சர். முதல் பக்கம் முழுக்க நீலத் தண்ணீர், தென்னை, ஒரு வள்ளம். அதைப் பார்த்தபடி பால்கனியில் காபி குடிக்கும் ஒரு குடும்பம்.

"காயல்லேர்ந்து எவ்வளவு தூரம் தம்பி?"

"பக்கத்துலயேதாண்ணே! பால்கனியில நின்னா மீன் துள்ளுறது தெரியுமாம்."

"அது சரி. அனுமதி?"

"எல்லா அப்ரூவலும் இருக்குண்ணே. பஞ்சாயத்து பெர்மிட்டு, பேங்க் லோனு, எல்லாம் கிளியர்."

அந்த "எல்லாம் கிளியர்" காதில் விழுந்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். 2020 ஜனவரி 11, சனிக்கிழமை. தேவரைப் பக்கம் அலுவலக நண்பரின் மொட்டை மாடியில் நின்றிருந்தோம். சுற்றியிருந்த எல்லா மாடியிலும் திருவிழாக் கூட்டம். சைரன் ஒலித்தது. அப்புறம் வரிசையாக வெடிச்சத்தம். தூரத்தில் தெரிந்த 19 மாடிக் கட்டடம் இடுப்பு ஒடிந்தவன் மாதிரி உட்கார்ந்தது. பத்து விநாடிகூட ஆகியிருக்காது. அப்புறம் தூசிதான். பக்கத்து மாடியில் கைதட்டினார்கள். எனக்குக் கை வரவில்லை.

மரடு. அன்றும் மறுநாளும் சேர்த்து நான்கு குடியிருப்புகள், ஐந்து கோபுரங்கள், முந்நூற்றுச் சொச்சம் வீடுகள். அந்த வீடுகளை வாங்கியவர்களில் வெளிநாட்டில் சம்பாதித்தவர்களும் ஓய்வுபெற்றவர்களும் உண்டு. அவர்கள் கையிலும் அப்ரூவல் இருந்தது. பஞ்சாயத்து முத்திரையோடு.

என்ன நடந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். மரடு அப்போது கிராமப் பஞ்சாயத்து. 2006 வாக்கில் காயல் கரையில் அடுக்குமாடி கட்ட பெர்மிட் கொடுத்தது. 1991 முதல் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை நடப்பில் இருக்கிறது. கடல் மட்டுமில்லை, அலை ஏறி இறங்கும் காயலும் அதில் அடக்கம். கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குப் புதிதாகக் கட்டக்கூடாது. கட்டலாமா என்று மாநிலக் கடலோர மேலாண்மை ஆணையத்திடம் கேட்டுவிட்டுத்தான் பெர்மிட் போடவேண்டும். கேட்கவில்லை. அவ்வளவுதான் கதை.

அப்புறம் அரசு விழித்துக்கொண்டு, பஞ்சாயத்து 2007-ல் விளக்கம் கேட்டு நோட்டீஸ் விட்டது. கட்டியவர்கள் உயர்நீதிமன்றம் போனார்கள். வழக்கு ஒருபக்கம், கட்டடம் ஒருபக்கம், இரண்டும் வளர்ந்தன. ஆட்கள் குடிவந்தார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், வீட்டுவரி கட்டினார்கள். 2019 மே 8 அன்று உச்சநீதிமன்றம் இடிக்கச் சொன்னது. இப்போதைய வகைப்பாட்டின்படி இந்த இடத்தில் கட்டலாமே என்று குடியிருந்தவர்கள் வாதாடிப் பார்த்தார்கள். பெர்மிட் போட்ட நாளில் எந்த விதியோ அதுதான் கணக்கு என்றாகிவிட்டது. செப்டம்பரில் மின்சாரமும் தண்ணீரும் துண்டித்தார்கள். வீட்டுக்காரர்களுக்கு 25 லட்ச ரூபாய் இடைக்கால இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு, கட்டியவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது நீதிமன்றம். அக்டோபரில் முன்னாள் பஞ்சாயத்துச் செயலாளர் உட்படச் சிலர் கைதானார்கள். பெர்மிட் போட்டு 13 வருஷம் கழித்து!

இதைப்பற்றி நம்மாட்களிடம் பேசினால் இரண்டு கட்சி. "பாவம் வாங்கினவன், கோர்ட் இரக்கமில்லாம நடந்துக்கிச்சு" என்பது ஒன்று. "சட்டத்தை மீறினா இடிக்கத்தான் செய்வான்" என்பது இன்னொன்று. இரண்டு பேரும் இடித்த நாளைப்பற்றியே பேசுகிறார்கள். நான் பேச விரும்புவது பெர்மிட் போட்ட நாளைப்பற்றி. அன்று யாராவது ஒருவர் ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு கரையில் இறங்கி அளந்திருந்தால், ஒரு கடிதம் எழுதி ஆணையத்தைக் கேட்டிருந்தால், ஒரு கட்டடமும் எழும்பியிருக்காது, ஒரு குடும்பமும் சட்டிபானையோடு தெருவுக்கு வந்திருக்காது. மொத்தச் செலவு ஒரு தபால்தலை.

ஏன் அளக்கவில்லை? லஞ்சம் என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. நம்ம ஊர் உள்ளாட்சி அலுவலகத்தில் "பரிசீலனை" என்றால் என்ன? விண்ணப்பத்தோடு வரைபடம் இருக்கிறதா, பத்திரம் இருக்கிறதா, கட்டணம் கட்டியாச்சா, படிக்கட்டு அகலம் சரியா. காகிதத்தைக் காகிதத்தோடு ஒப்பிடுகிறார்கள். நிலத்தை யாரும் ஒப்பிடுவதில்லை. "சரி" என்று சொன்னால் பஞ்சாயத்துக்குப் பெர்மிட் கட்டணம், பிற்பாடு வருஷா வருஷம் வரி. "முடியாது" என்று சொன்னால் எதிர்த்தரப்பில் பெரிய வக்கீல், மேலிடத்திலிருந்து போன். சரி என்றவனுக்கு 13 வருஷம் ஒன்றும் ஆகாது. முடியாது என்றவனுக்கு மறுநாளே தலைவலி. இந்தக் கணக்கில் எந்த அதிகாரி "முடியாது" என்று எழுதுவார்?

மரடு ஒரு விதிவிலக்கு என்று யாரும் தேற்றிக்கொள்ள வேண்டாம். மரடு இடிவதற்கு முதல் நாள்தான், 2020 ஜனவரி 10 அன்று, வேம்பநாட்டுக் காயலில் நெடியதுருத்து தீவில் கட்டிய சொகுசு விடுதியையும் இடிக்க உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அதுவும் பாணாவள்ளிப் பஞ்சாயத்தின் பெர்மிட்டோடு எழும்பியதுதான். இடிக்கும் வேலை 2022-ல்தான் தொடங்கியது.

இந்த வேம்பநாடு-கோல் ஈரநிலம் 2002 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் ஏறியது. 1,51,250 ஹெக்டேர். அதே மாதம் பட்டியலில் ஏறியது எது தெரியுமா? எங்கள் ஊர்க் கோடியக்கரை. பூநாரை வரும் சதுப்பைப் பார்த்து வளர்ந்த நானும் அந்தத் தம்பியும் கொச்சியில் சதுப்பின் மேல் பால்கனி தேடுகிறோம். என்னத்தைச் சொல்ல.

இதற்கு மருந்தாகப் பலர் சொல்வது: "பஞ்சாயத்துகிட்டேர்ந்து அதிகாரத்தைப் புடுங்கி மேல குடுத்துடணும்." நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மேலே இருப்பவர் படத்தில்தான் காயலைப் பார்ப்பார். வெள்ளம் எந்த வரப்புவரை வந்தது என்று வார்டு உறுப்பினருக்குத்தான் தெரியும். கேரளத்தின் 2008 நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. உள்ளூர் கண்காணிப்புக் குழு. பஞ்சாயத்துத் தலைவர் தலைமை, வேளாண் அலுவலர், கிராம அலுவலர், கூட மூன்று விவசாயிகள். எது வயல், எது ஈரநிலம் என்று தரவு வங்கி தயாரிப்பது இவர்கள்தான். விவசாயியை அதிகாரிக்குச் சமமாக உட்காரவைக்கும் சட்டம் எத்தனை இருக்கிறது? ஆனால் 2018 திருத்தத்துக்குப் பிறகு, அந்த வங்கியில் ஏறாத வயலைக் கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ள வழி வந்துவிட்டது. ஒரு வரி விட்டுப்போனால் ஒரு வயல் போச்சு.

எனவே நான் கேட்பது அதிகாரத்தைப் பறிக்க அல்ல, வெளிச்சத்தில் வைக்க. காயல், ஏரி, சதுப்பு பக்கத்தில் வரும் ஒவ்வொரு விண்ணப்பமும் வார்டு சபையில் படிக்கப்படட்டும். உயர் அலைக் கோட்டை நிலத்தில் கல் நட்டுக் காட்டட்டும். அளந்தவர் பெயர் கோப்பில் இருக்கட்டும். சரி என்றாலும் முடியாது என்றாலும் காரணத்தை எழுதி ஒட்டட்டும். ஈரநில விதிகள் 2017-ல் ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது: கடந்த பத்து வருஷத்தின் சராசரி உயர்வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது. வெள்ள மட்டத்தை விமானத்தில் வந்தா கண்டுபிடிக்கவேண்டும்? கரையில் குடியிருப்பவரைக் கேட்டால் சுவரைக் காட்டுவார்.

"நாம பொழைக்க வந்தவங்க, நமக்கெதுக்கு இந்த ஊர் வம்பு?" என்று தங்கமணி கேட்டார். நியாயமான கேள்வி. என் வாக்கு இன்னும் ஊரில்தான் இருக்கிறது. 14 வருஷத்தில் ஒரு வார்டு சபைக்கும் போனதில்லை. ஆனால் பிரவுச்சர் அச்சடிப்பது யாருக்காக? கரையில் வலை வீசுகிறவருக்கா? நமக்குத்தான். காயல் தெரியும் பால்கனிக்கு ஐந்து லட்சம் கூடக் கொடுக்கிறோமே, அந்தப் பணம்தான் கரையைத் தின்கிறது. கொச்சியில் மட்டுமில்லை. பள்ளிக்கரணை 2022-ல் ராம்சார் தலமானது. அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஆய்வு முடியும்வரை கட்டட அனுமதி கூடாது என்று 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லவேண்டி வந்தது. அங்கே வாங்கிப்போடுகிறவர்களில் வெளியூரில் சம்பாதிக்கும் நம்மாட்கள் எத்தனை பேர் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

நான் யோக்கியன் இல்லை. 2013-ல் நானும் ஒரு காயலோர வீட்டுக்கு ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்தவன்தான். நான் கேட்ட கேள்விகள்: கார் நிறுத்த இடம் உண்டா, லிப்ட் எத்தனை, வாசல் எந்தத் திசை. ஆணையத்தின் கடிதம் உண்டா என்று கேட்கத் தோன்றவே இல்லை. அப்படி ஒரு ஆணையம் இருப்பதே தெரியாது. சாயங்காலம் இடம் பார்க்க வந்த தங்கமணி "இவ்வளவு கொசுவா? எனக்கு வேண்டாம்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அட்வான்ஸ் போனது. நல்லவேளை, அதோடு போனது. அறிவு காப்பாற்றவில்லை, கொசு காப்பாற்றியது :-)

தம்பிக்கு நான் சொன்னது மூன்று விஷயம். ஒன்று, பஞ்சாயத்து பெர்மிட்டைக் காட்டினால் மயங்காதே. கடலோர ஆணையத்தின் கடிதத்தைக் கேள், எண்ணோடும் தேதியோடும். இரண்டு, கரையிலிருந்து எத்தனை மீட்டர், யார் அளந்தது என்று எழுத்தில் வாங்கு. மூன்று, பத்திரத்திலும் வரிப் பதிவேட்டிலும் அந்த இடத்துக்கு என்ன பெயர் என்று பார். இங்கேதான் நம்மாட்கள் ஏமாறுவது. "நிலம்" என்று போட்டிருந்தால் நாம் "ஆமா, நிலம்தானே" என்று தலையாட்டுவோம். மலையாளப் பத்திரத்தில் நிலம் என்றால் நெல்வயல். வீடு கட்டும் மண்ணுக்குப் "புரயிடம்" என்று பெயர்.

அன்று சாயங்காலமே இரண்டு பேரும் பைக்கில் வராப்புழை தாண்டி அந்த இடத்துக்குப் போனோம். தகர வேலி, பெரிய விளம்பரப் பலகை, உள்ளே செம்மண் கொட்டியிருந்தது. எதிரில் ஒரு பெட்டிக்கடை. டீ குடித்துக்கொண்டே கடைக்காரச் சேட்டனிடம் 2018 வெள்ளத்தைக் கேட்டேன். மனுஷர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து சுவரோரம் போய் நின்று, தன் நெஞ்சுக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினார். பிறகு தகர வேலியைப் பார்த்துச் சிரித்தார்.

தம்பி திரும்பும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. பிரவுச்சரை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். வாங்குகிறேன் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நேற்று மட்டும் போன் பண்ணி, "அண்ணே, அந்த ஆணையத்து லெட்டரைக் கேட்டேன். அடுத்த வாரம் தர்றோம்னாங்க" என்றார்.

அடுத்த வாரம் வரட்டும். பார்ப்போம்.

பி.கு.: மரடில் இடித்த இடங்களைப் பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். வீடு பார்க்கப் போகும் முன்னால் போவது உத்தமம்.