கம்பியில தொங்கினா மலை ஏறின மாதிரியா?

"மச்சி, கம்பியில தொங்கிக்கிட்டு மேல போறதெல்லாம் மலை ஏறுறதாடா?"

என் ரூம்மேட் கேட்ட கேள்வி இது. மதுரைக்காரன், சனிக்கிழமை ஆனா முதுகுல பையை மாட்டிக்கிட்டு ஏதாவது ஒரு மலைக்குக் கிளம்பிடுவான். கலிஃபோர்னியாவுக்கு எம்.எஸ். படிக்க வந்ததுலேர்ந்து அவனோட இதே சண்டைதான். இந்தக் கட்டுரையை நான் அவனுக்குப் பதிலாத்தான் எழுத ஆரம்பிச்சேன். எழுதி முடிக்கிறதுக்குள்ள பாதி அவன் பக்கம் போயிட்டேன், அது வேற விஷயம்.

சண்டை எந்த மலையைப் பத்தின்னா, சான் ஹசின்டோ. லாஸ் ஏஞ்சலஸ்லேர்ந்து கிழக்கே ரெண்டு மணி நேரம் கார்ல போனா பாம் ஸ்பிரிங்ஸ்னு ஒரு பாலைவன ஊர். ஊருக்குப் பின்னாடி சுவர் மாதிரி நிக்குது மலை. அடிவாரத்துல ஒரு ஸ்டேஷன், 805 மீட்டர் உயரம். மேல ஒரு ஸ்டேஷன், 2,596 மீட்டர். நம்ம தொட்டபெட்டா 2,637 மீட்டர்ங்கிறதை ஞாபகம் வச்சுக்கோங்க, அந்த உயரத்தை நினைச்சுப் பார்க்க வசதியா இருக்கும். இந்த ரெண்டுக்கும் நடுவுல சுமார் 4 கிலோமீட்டர் தூரத்துக்குக் கம்பி. பத்து நிமிஷத்துல மேல போயிடலாம். கார் உள்ளே தரை மெதுவா சுத்திக்கிட்டே இருக்கும், அதனால ஜன்னல் சீட்டுக்கு அடிச்சுக்க வேண்டாம்.

இயங்குற விதம் பழநி விஞ்ச் பார்த்தவங்களுக்குப் புதுசு இல்லை. ரெண்டு கார், ஒண்ணு ஏறும்போது இன்னொண்ணு இறங்கும். இறங்குற காரோட எடை ஏறுற காரை இழுக்க உதவுது, மோட்டாருக்கு மிச்சச் சுமைதான். மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் நண்பர்கள் இதைப் படிச்சிட்டு "இது முதல் செமஸ்டர் மேட்டராச்சே"ன்னு சொல்வீங்க. சரிதான். எனக்கு ஆச்சரியம் கம்பி இல்லை, கம்பியைத் தாங்குற கோபுரங்கள்தான்.

மொத்தம் ஐந்து கோபுரம். அதில் முதல் ஒண்ணுக்கு மட்டும்தான் சாலை வசதி உண்டு. மத்த நாலையும் ஹெலிகாப்டர்லேயே சாமான் கொண்டுபோய்க் கட்டினாங்க. ஆட்கள், இரும்பு, கான்கிரீட் எல்லாம் வானத்து வழியாத்தான். 26 மாசத்துல ஏறக்குறைய 23,000 தடவை பறந்திருக்காங்க. 1963 செப்டம்பர்ல திறந்தாங்க. அந்தக் காலத்து ஹெலிகாப்டர்ல, அந்தக் காத்துல, அந்தப் பாறை இடுக்குல! புல்டோசரைக் கொண்டுவந்து மலையைச் சுத்திச் சுத்தி வெட்டியிருந்தா வேலை சுலபமா முடிஞ்சிருக்கும்னு யாருக்கும் தோணும். வெட்டலை. அதனால இன்னைக்கும் அந்தப் பள்ளத்தாக்குல கொண்டை ஊசி வளைவு கிடையாது, ஹார்ன் சத்தம் கிடையாது. கீழ்ப்பக்கப் பாறைகள்ல கொம்பு சுருண்ட காட்டுச் செம்மறி ஆடுகள் இருக்கு. 1998-ல அமெரிக்க அரசு அழியும் ஆபத்துல உள்ள விலங்குன்னு அறிவிச்ச கூட்டம் அது. நான் மூணு தடவை போயும் ஒண்ணுகூட கண்ணுல படலை. பாறையும் ஆடும் ஒரே நிறம், நான் பார்த்தும் பார்க்காம விட்டிருக்கலாம்.

இதெல்லாம் கட்டினவங்களோட நல்ல மனசுல மட்டும் வந்ததில்லை. யோசனை 1935-லேயே வந்திடுச்சு. கோடை வெயில்ல வெந்துபோன ஒரு எலெக்ட்ரிகல் எஞ்சினியர், ஃபிரான்சிஸ் க்ராக்கர், மேல தெரிஞ்ச பனியைப் பார்த்து "அங்க போயிட முடியாதா"ன்னு கேட்டதுல ஆரம்பம். ஊர் சிரிச்சது. இயற்கை ஆர்வலர்கள் எதிர்த்தாங்க. சட்டம் ஆளுநர் மேசைக்குப் போய் ரெண்டு தடவை திரும்பி வந்து, 1945-லதான் கையெழுத்தாச்சு. எதிர்த்தவங்க தோத்துட்டாங்கன்னு சொல்லலாம். என் கணக்குல அவங்க பாதி ஜெயிச்சிருக்காங்க. கம்பி உச்சிக்குப் போகலை பாருங்க. சிகரம் 3,302 மீட்டர். கார் அதுக்கு 700 மீட்டர் கீழேயே நின்னுடுது. அதுக்கு மேல வேணும்னா உங்க கால்தான். தொட்டபெட்டாவுல உச்சி வரைக்கும் காரை ஓட்டிட்டுப் போய், பார்க்கிங்குக்கு அலைஞ்சவங்களுக்கு இதோட அருமை புரியும்.

இப்ப அம்மா கதைக்கு வர்றேன்.

போன வருஷம் மே மாசம் என் பட்டமளிப்புக்கு அம்மா வந்திருந்தாங்க. ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். பொதிகை மலையை வாழ்க்கை பூரா வாசல்லேர்ந்து பார்த்தவங்க, ஒரு தடவைகூட மேல போனதில்லை. இப்ப மூட்டு வலி வேற. கீழ ஸ்டேஷன்ல வெயில் அனலா அடிச்சது. கார் ஒவ்வொரு கோபுரத்தையும் தாண்டும்போது ஒரு குலுக்கு குலுக்கி ஊஞ்சல் மாதிரி ஆடும், எல்லாரும் கத்துவாங்க. அம்மா "முருகா"ன்னு கம்பியைப் பிடிச்சாங்க. கதவு திறந்ததும் சில்லுனு காத்து. கீழுக்கும் மேலுக்கும் 20 டிகிரி செல்சியஸ் வரை வித்தியாசம் இருக்கும். கள்ளிச்செடியை விட்டுட்டுப் பத்து நிமிஷம்தான் ஆச்சு, இங்க பைன் மரம். மர நிழல்ல கொஞ்சம் பனி மிச்சம் இருந்துச்சு. குனிய முடியாது அவங்களால. நான் அள்ளிக் கையில வச்சேன். கரையுற வரைக்கும் பேசவே இல்லை.

இந்த இடத்துலதான் ரூம்மேட்டோட எனக்குச் சண்டை. நடந்து ஏறுறவனுக்கு மட்டும்தான் மலைன்னா, எங்க அம்மாவுக்கு எந்த மலை?

ஆனா அவன் பக்கமும் நியாயம் இருக்கு. முதல் தடவை நண்பர்களோட போனப்ப நாங்க என்ன பண்ணினோம் தெரியுமா? மேடையில நின்னு செல்ஃபி, காற்றாலைகளைக் காட்டி ஒரு ரீல், ஒரு காபி, அடுத்த கார்ல கீழே. அவ்வளவு டிக்கெட் காசுக்கு நாற்பது நிமிஷம். வர்றவங்கள்ல நிறைய பேர் இப்படித்தான். ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் ஒரு பாதை இறங்குது, அங்க போனாத்தான் காடு. ரெண்டரை கிலோமீட்டர்கூட வராத ஒரு வட்டப் பாதை இருக்கு, மெதுவா நடந்தா ஒன்றரை மணி நேரம். ஜெஃப்ரி பைன் மரப்பட்டையில மூக்கை வச்சுப் பாருங்க, வெனிலா வாசம் வரும். என்னை நம்பலைன்னா பரவாயில்லை, நானும் நம்பலை. தலையில கருப்புக் கொண்டையோட ஒரு நீலப் பறவை, ஸ்டெல்லர்ஸ் ஜே, நம்ம காக்கா மாதிரியே அதிகாரமா வந்து டிபன் டப்பாவை எட்டிப் பார்க்கும். போடாதீங்க. அணில் மாதிரி இருக்கிற சிப்மங்குக்கும் போடாதீங்க.

அவன் சொல்றதுல இன்னொண்ணு எனக்கு அடிபட்டுத்தான் புரிஞ்சது. ரெண்டாவது தடவை, மார்ச் மாசம். கீழே நல்ல வெயில்னு டி-ஷர்ட், கேன்வாஸ் ஷூ, அரை லிட்டர் தண்ணி. காட்டுக்குள்ள போக ரேஞ்சர் நிலையத்துல இலவச அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுக்கணும். எழுதினேன், கூடவே இருந்த எச்சரிக்கையைப் படிக்கலை. ஒரு மணி நேரத்துல பாதை முழுக்கக் கண்ணாடி மாதிரி ஐஸ். ரெண்டு தடவை விழுந்தேன். திரும்பும்போது இருட்டிடுச்சு, மொபைல் டார்ச்ல பேட்டரி ஒன்பது சதவீதம். கடைசி காரைப் பிடிச்சிட்டேன், அவ்வளவுதான் சொல்ல முடியும். நடந்து ஏறுறவனுக்குக் குளிர் கொஞ்சம் கொஞ்சமா வரும், மூச்சு வாங்கும், உடம்பே "போதும்டா"ன்னு சொல்லும். நமக்கு அது எதுவும் நடக்காம நேரா 2,596 மீட்டர்ல கதவைத் திறந்து விட்டுடுறாங்க. அதனால நீங்க எப்பவாவது இங்க வந்தா ஸ்வெட்டர், டார்ச், ரெண்டு லிட்டர் தண்ணி, கடைசி கார் எத்தனை மணிக்குன்னு தெரிஞ்சு வச்சுக்கிறது, இதெல்லாம் இல்லாம வட்டப் பாதையைத் தாண்டாதீங்க.

இன்னொரு வேடிக்கை. 2019 பிப்ரவரியில பெருமழை வந்து, அடிவார ஸ்டேஷனுக்குப் போற சாலை அடிச்சுக்கிட்டுப் போச்சு. அதைச் சரிபண்ற வரைக்கும் பல வாரம் சேவையே நின்னுபோச்சு. மொத்தப் பயணத்துல அவங்க மலையடிவாரத்தை வெட்டிப் போட்ட ஒரே பகுதி அந்தச் சாலைதான்.

ரூம்மேட் இருக்கானே, அவன் அதிகாலை இருட்டுல ஊர்லேர்ந்தே ஸ்கைலைன் பாதையில ஏறி, மேல ஸ்டேஷன் வரைக்கும் நடந்தே வந்துடுவான். பாலைவனத்துலேர்ந்து பைன் காடு வரைக்கும் ஒரே மூச்சுல. வெயில் காலத்துல அந்தப் பாதையில உயிர் போயிருக்கு, அதனால தயவுசெஞ்சு யாரும் அவனைப் பார்த்துக் கிளம்பாதீங்க. மேல வந்தப்புறம் அவன் எப்படி இறங்குவான்னு கேளுங்க. கம்பியில தொங்கிக்கிட்டுத்தான். "இறங்குறது வேற மச்சி, முட்டி போயிடும்"ங்கிறான்.

இதை நான் அம்மாகிட்ட போன்ல சொன்னேன். "அந்தத் தம்பிக்கும் முட்டி வலியா"ன்னு கேட்டாங்க.