கோரிக்கை மனு: போக்சோ வழக்கில் தொடர்புடையவர் அருகில் குடியிருக்கும்போது குழந்தைகளுக்குப் பாதுகாப்பு

அனுப்புநர்:
கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டி ஆலைகளிலும் காட்டுவேலையிலும் பிழைக்கும் தாய்மார்களின் சங்கம்,
கோவில்பட்டி, தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், தூத்துக்குடி.
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள், தூத்துக்குடி.

நகல்: வருவாய்க் கோட்டாட்சியர், கோவில்பட்டி, காவல் துணைக் கண்காணிப்பாளர், கோவில்பட்டி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர், குழந்தைகள் நலக் குழு.

பொருள்: போக்சோ வழக்கில் பிணையிலோ தண்டனை முடிந்தோ ஊர் திரும்புகிறவர் அருகில் குடியிருக்கும்போது குழந்தைகளின் பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

எங்களில் பாதிப்பேருக்கு விடிந்தும் விடியாமலும் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்துவிடும். மற்றவர்கள் களையெடுப்பு, உளுந்து பிடுங்குவது, மிளகாய்ப்பழம் எடுப்பது என்று காட்டுக்குப் போகிறவர்கள். பள்ளிக்கூடம் நாலேகாலுக்கு விடுகிறது. நாங்கள் வீடு வந்து சேர ஆறரை, ஏழு ஆகும். இடையில் உள்ள அந்த இரண்டரை மணி நேரம் எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது தெருதான். அந்தத் தெருவில் யார் குடியிருக்கிறார் என்பதைப் பற்றித்தான் இந்த மனு.

எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகளுக்கு நடந்ததை முதலில் சொல்கிறோம். ஊரையும் வயதையும் வேண்டுமென்றே சொல்லாமல் விடுகிறோம். வழக்குப் பதிவாகி, ஆள் கைதாகி, சில மாதத்தில் பிணையில் வந்துவிட்டார். வந்த செய்தி அந்தக் குடும்பத்துக்கு அதிகாரி யார் மூலமும் தெரியவில்லை. ரேஷன் கடைக்குப் போன பாட்டி, டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு மண்ணெண்ணெய் வாங்காமலே திரும்பி வந்து சொன்னார். நாலு வீடு தள்ளித்தான் அவர் வீடு. சில நாள் கழித்து, சோற்று வாளியைக் கழுவ எடுத்த தாய் அதற்குள் பிள்ளையின் கொலுசைப் பார்த்தார். கேட்டதற்கு, அந்த வீடு வருவதற்கு முன்னால் கழற்றி வாளிக்குள் போட்டுவிடுவதாகச் சொன்னாள். சத்தம் கேட்டால் அவர் வெளியே வந்து பார்ப்பாராம். நாங்கள் கேட்பதெல்லாம் அந்தப் பிள்ளை கொலுசைப் போட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பதுதான்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே இதே தூத்துக்குடி மாவட்டத்தில், பள்ளிக்குப் புறப்பட்ட சிறுமி ஒருத்தி வீடு திரும்பவில்லை. வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டாள். 2024 டிசம்பரில் கோவில்பட்டி நகரில், பெற்றோர் வேலைக்குப் போயிருந்த பகல் பொழுதில் காணாமற்போன 10 வயதுச் சிறுவன் மறுநாள் பக்கத்து வீட்டு மாடியில் உயிரற்றுக் கிடந்தான். அந்த வழக்கைப் பற்றி மேலே பேச எங்களுக்கு உரிமையில்லை. ஆனால் அந்தச் செய்தி வந்த அன்று இந்த வட்டாரத்தில் வேலைக்குப் போன எந்தத் தாய்க்கும் தீக்குச்சிக் கட்டை அடுக்கக் கை ஓடவில்லை என்பதைத் தாங்கள் அறிய வேண்டும்.

ஆபத்து வேற்றூரிலிருந்து வருவதாக நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வளர்த்துவிட்டோம். பிள்ளை பிடிப்பவன் வருவான், மிட்டாய் கொடுப்பான் என்றோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளோ, போக்சோ வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் குழந்தைக்குத் தெரிந்தவர்களே குற்றஞ்சாட்டப்படுவதைக் காட்டுகின்றன. 2018இல் வெளிப்பட்ட சென்னை அயனாவரம் வழக்கில், காது கேளாத சிறுமிக்குக் கொடுமை செய்தவர்கள் அவள் குடியிருந்த அடுக்குமாடியிலேயே காவல், லிஃப்ட், குழாய் வேலை பார்த்தவர்கள். 2020 பிப்ரவரியில் 15 பேர் தண்டிக்கப்பட்டார்கள். ஆண் பிள்ளைதானே என்று அசட்டையாக இருப்பதும் எங்களிடம் உண்டு. 2007இல் மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட, 13 மாநிலங்களில் நடந்த ஆய்வில், பாலியல் துன்பத்துக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள்.

அப்படியானால் குற்றவாளியின் பெயரையும் படத்தையும் ஊர் முச்சந்தியில் ஒட்டிவிடலாமே என்று எங்கள் கூட்டத்திலேயே சிலர் கேட்டார்கள். அமெரிக்காவில் மேகன் சட்டம் என்ற பெயரில் 1990களிலிருந்து இத்தகைய விவரங்கள் பொதுமக்களுக்குத் திறந்துதான் இருக்கின்றன. இரண்டு கூட்டங்கள் இதைப் பேசிவிட்டு வேண்டாம் என்று முடிவு செய்தோம். எண்பது தலைக்கட்டு உள்ள கரிசல் ஊரில் அவர் பெயரைச் சுவரில் எழுதினால், பிள்ளையின் பெயரையும் சேர்த்து எழுதியதாகத்தான் அர்த்தம். எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்காமலே ஊர் கண்டுபிடித்துவிடும். குற்றம் செய்தவர் சொந்தக்காரராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் வருகிறார்கள். ஊரை விட்டு விரட்டினால் பக்கத்து ஊருக்குப் போவார். அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. ஆகவே ஊர் கூடித் தண்டிப்பதற்கு அனுமதி கேட்டு நாங்கள் வரவில்லை. கவனிக்க வேண்டிய அலுவலகங்கள் கவனிக்க வேண்டும் என்று கேட்டு வந்திருக்கிறோம்.

முதலாவதும் முக்கியமானதும் பிணை. குற்றஞ்சாட்டப்பட்டவர் கைதானது, பிணையில் வந்தது, விடுதலையானது ஆகியவற்றைக் குழந்தைக்கும் பெற்றோருக்கும் தெரிவிப்பது காவல் துறையின் பொறுப்பு என்று 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகள் சொல்கின்றன. எங்கள் பகுதியில் அது டீக்கடை மூலம்தான் தெரியவருகிறது. சிறையிலிருந்து ஆள் வெளிவரும் நாளிலேயே, அவர் ஊர் வந்து சேர்வதற்கு முன், குடும்பத்துக்குப் போனிலும் எழுத்திலும் தகவல் சொல்ல ஒவ்வொரு அனைத்து மகளிர் காவல் நிலையத்திலும் ஒருவரைப் பொறுப்பாக்கித் தாருங்கள். பிணை மனுவுக்குக் காவல் துறை ஆட்சேபம் தெரிவிக்கும்போது, இரண்டு வீட்டுக்கும் எத்தனை அடி தூரம், பிள்ளை பள்ளிக்குப் போகும் வழி எது, தண்ணீர் பிடிக்கும் குழாய் எங்கே என்பதையெல்லாம் ஒரு பக்கத்தில் வரைபடமாகவே போட்டுக் கொடுக்க ஆய்வாளர்களுக்கு உத்தரவிடுங்கள். பிணை கொடுப்பதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் உரிமை. ஆனால் நாலு வீடு தள்ளி என்பது நீதிபதிக்குத் தெரிந்தால், வழக்கு முடியும்வரை வேறு ஊரில் தங்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்க இடமுண்டு. யாரும் எழுதிக் கொடுக்காவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

2025 ஜனவரியில் சட்டப்பேரவை பெண்களுக்கு எதிரான துன்புறுத்தல் தடைச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தத்தில், பாதிக்கப்பட்டவரை நேரிலோ போனிலோ நெருங்கக் கூடாது என்று பாதுகாப்பாணை பிறப்பிக்க நிர்வாக நடுவருக்கு வழி செய்யப்பட்டது. இப்படி ஒன்று இருப்பதே எங்களில் யாருக்கும் தெரியாது. வழக்கறிஞர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. இதற்கான மனுப்படிவம் தமிழில் மகளிர் காவல் நிலையத்திலும் கோட்டாட்சியர் அலுவலகத்திலும் கிடைக்க வேண்டும். பாதிக்கப்பட்டது ஆண் பிள்ளையாக இருந்தால் பெண்களுக்கான இச்சட்டம் உதவாது, பிணை நிபந்தனையைத்தான் பெரிதும் நம்ப வேண்டும் என்பதால், அந்த வழக்குகளில் மேலே சொன்ன வரைபடம் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது தண்டனை முடிந்து வருகிறவர்கள். 2018 செப்டம்பரில் உள்துறை அமைச்சகம் தொடங்கிய பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் காவல் துறையினர் மட்டுமே பார்க்கக்கூடியது. அது அப்படியே இருக்கட்டும். ஆனால் பார்க்கக்கூடியவர்கள் பார்க்க வேண்டுமல்லவா? குழந்தைகளோடு பழகும் ஊழியர் ஒவ்வொருவரையும் காலந்தோறும் காவல் துறை மூலம் சரிபார்க்க வேண்டும் என்று 2020 விதிகளில் இருக்கிறது. பள்ளி வேன் ஓட்டுநர், உதவியாளர், விடுதிச் சமையல்காரர், காவலாளி, விளையாட்டுப் பயிற்சியாளர் எல்லாரும் இதில் வருவார்கள். பிள்ளைகளை ஏற்றும் ஆட்டோக்களையும் தெருவுக்குத் தெரு நடக்கும் டியூஷன்களையும் இதற்குள் கொண்டுவர வேண்டும். இங்கிலாந்தில் சாரா சட்டம் என்று அழைக்கப்படும் ஏற்பாட்டின்படி, தன் பிள்ளையோடு நெருங்கிப் பழகும் ஒருவரைப் பற்றித் தாய் காவல் துறையிடம் தனியே கேட்கலாம். ஆபத்து உண்டென்றால் அவருக்கு மட்டும், வெளியே சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு சொல்கிறார்கள். அதுபோல் இங்கும் ஒரு வழி வேண்டும் என்று அரசுக்குப் பரிந்துரைக்கக் கோருகிறோம். நீதிமன்றம் குற்றமற்றவர் என்று விடுவித்தவரைப் பற்றி நாங்கள் பேசவில்லை. சென்னை முகலிவாக்கம் சிறுமி கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவரை, சாட்சியங்கள் போதவில்லை என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. முதல் நாள் விசாரணை சரியாக நடந்தால்தான் உண்மையும் நிற்கும், நிரபராதியும் தப்புவார்.

ஊரில் பேசி முடிப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும், எங்களுக்கு அது வெட்கமாக இருந்தாலும். இத்தனை ஆயிரம் அபராதம், கோயில் முன்னால் மன்னிப்பு, அதோடு விட்டுவிடுவோம் என்று பெரியவர்கள் முடித்துவிடுகிறார்கள். குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது போக்சோ சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி தண்டனைக்குரியது. இப்படிப் பேசி முடித்ததாகத் தகவல் வந்தால், பேசி முடித்தவர்கள் மீதும் வழக்குப் பதிய வேண்டும். பிள்ளையின் படத்தையோ பெயரையோ வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறவர்கள் மீதும் அவ்வாறே.

வழக்கு நடக்கும் சிறப்பு நீதிமன்றம் தூத்துக்குடியில் இருக்கிறது. சாட்சி சொல்லப் போகும் நாளில் தாய்க்கும் கூலி போகிறது, கூடப் போகிறவருக்கும் கூலி போகிறது. பஸ் நிலையத்தில் அதே பஸ்ஸுக்குக் குற்றஞ்சாட்டப்பட்டவரும் நிற்பார். விசாரணையை இயன்றவரை ஓராண்டுக்குள் முடிக்கச் சட்டம் சொல்கிறது. வாய்தா வாய்தாவாக இழுத்தால் பிள்ளை மறக்க நினைத்ததை மறக்க முடிவதில்லை. உடனடி உதவித்தொகையும், வழக்கு முழுக்கப் பிள்ளைக்குத் துணை நிற்கும் ஆதரவு நபரும் விதிகளில் இருக்கும் உரிமைகள். புகார் பதிவான வாரத்திலேயே அவை கிடைக்கவும், நீதிமன்ற நாளில் தனி வண்டி ஏற்பாடு செய்யவும் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரைக் கேட்டுக்கொள்கிறோம்.

இனி அந்த இரண்டரை மணி நேரம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் குழந்தைக் காப்பகம் பற்றிப் பேசியது. அதுவும் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத்தான். ஏழு வயதுப் பிள்ளைக்கு எந்த ஏற்பாடும் இல்லை. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி மையம் எங்கள் ஊர்களில் நடந்த மாலைகளில், ஐந்து மணி முதல் ஏழு மணிவரை பிள்ளைகள் வெளிச்சத்தில், தெரிந்த ஒரு அக்காவின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பாடம் எவ்வளவு ஏறியதோ, எங்கள் மனசு நிம்மதியாக இருந்தது. பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றை நாங்கள் வேலையிலிருந்து திரும்பும்வரை திறந்து வைத்து, ஊரிலேயே படித்த பெண் ஒருவருக்கு மதிப்பூதியம் கொடுத்தால் போதும். சுண்டலுக்குப் பாசிப்பயறு எங்கள் காட்டிலிருந்து நாங்கள் தருகிறோம். பள்ளிக்குப் போகும் பாதையோரச் சீமைக்கருவேலத்தை வெட்டி அகற்றி, ஊருணிக்கரையில் எரியாத தெருவிளக்குகளை எரியவிடுவது ஊராட்சியால் ஒரு வாரத்தில் முடியும் வேலை.

ஊராட்சித் தலைவர் தலைமையில் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு ஒவ்வொரு ஊரிலும் இருக்க வேண்டும். எங்கள் ஊர்களில் பலவற்றில் அது நோட்டில் கையெழுத்தாக மட்டுமே இருக்கிறது. அதில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் தாய் ஒருவரும் உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருவரும் உறுப்பினராக வேண்டும். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டும், மற்ற நாளில் நடந்தால் எங்களால் வர முடியாது. குழந்தைகள் உதவி எண் 1098 பள்ளிச் சுவரில் இருப்பதோடு, தீப்பெட்டி ஆபீஸ் வண்டிக்குள்ளும் எழுதப்பட வேண்டும்.

இக்கோரிக்கைகள் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையை அடுத்த கிராம சபைக்கு முன் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கப் பணிவுடன் வேண்டுகிறோம். மேலே சொன்ன பிள்ளையின் விவரங்களைத் தாங்கள் கேட்டால், மகளிர் காவல் அதிகாரி ஒருவர் சீருடையின்றி வந்தால், தாயே நேரில் தெரிவிப்பார்.

இப்படிக்கு,
சங்கத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்.

இடம்: கோவில்பட்டி
இணைப்பு: உறுப்பினர்களின் கையொப்பமும் கைநாட்டும் உள்ள தாள்கள்.