நன்றாக ஓடும் கணினி குப்பையா?

2018-இல் சீனா பிளாஸ்டிக் கழிவுகளுக்குக் கதவை மூடியதும் அவை நம் ஜெஞ்சாரோமுக்கு வந்து குவிந்தன. உரிமமில்லா ஆலைகள் எரித்த புகையைச் சுவாசித்த ஊர் இது.

அதனால்தான், விண்டோஸ் 10-இன் இலவச ஆதரவு 14 அக்டோபர் 2025-இல் முடிந்தது எனக்கு வெறும் கணினிச் செய்தியாகப் படவில்லை. டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி இல்லாத கணினிகள் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறா. அவற்றை எங்கே கொட்டுவது?

லினக்ஸ் போடுங்கள் என்பேன். “கேம் ஓடாதே” என்பீர்கள். அதே 2018-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட புரோட்டோன் அந்தக் குறையைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டது. விளையாட்டு அனுப்பும் டைரக்ட்3டி கட்டளைகளை அது உடனுக்குடன் வல்கன் கட்டளைகளாக மாற்றுகிறது. முழு விண்டோஸையும் போலியாக உருவாக்குவதில்லை. ஆகவே வேகமும் அதிகம் குறைவதில்லை. ஸ்டீம் டெக் இயங்குவதும் இப்படித்தான்.

ஆனால் வேலரண்ட், ஃபோர்ட்நைட் ஓடா. அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு முறை லினக்ஸை ஏற்பதில்லை. இது தொழில்நுட்பச் சிக்கலைவிட நிறுவனங்களின் மனச்சிக்கல் என்பது என் கட்சி. வல்கன் அறியாத மிகப் பழைய வரைகலை அட்டைகளும் தடுமாறும்.

முதலில் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கிப் பாருங்கள்; கணினியில் எதுவும் அழியாது. பிடித்திருந்தால் அதிலிருந்தே நிறுவலாம். அதற்குமுன் அப்பாவின் கோப்புகளைப் பிரதி எடுத்துவிடுங்கள்!